டேங்கர் லாரியில் நான்கு இலக்க எண்: எழுதப்பட்ட எச்சரிக்கையை வாசிப்பது யார்?

புது தில்லி: ஜெய்ப்பூர் - அஜ்மீர் நெடுஞ்சாலையில் பான்க்ரோட்டா பகுதியில் 2024 டிசம்பர் 20 அதிகாலையில், எதிர்த்திசைக்குத் திரும்பிக்கொண்டிருந்த சமையல் எரிவாயு டேங்கர் மீது லாரி ஒன்று மோதியது. உடைந்த வால்வுகள் வழியாக வெளியேறிய எரிவாயு சாலையெங்கும் பரவித் தீப்பிடித்தது. பயணிகள் பேருந்து உள்பட 30-க்கும் மேற்பட்ட வாகனங்கள் எரிந்தன. சுமார் 20 பேர் உயிரிழந்தனர்.

அதிலிருந்து சரியாக 14 நாள்கள் கழித்து, 2025 ஜனவரி 3 அதிகாலையில், கொச்சியிலிருந்து வந்த சமையல் எரிவாயு டேங்கர் ஒன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்தது. அதிலிருந்தும் எரிவாயு கசிந்தது. தீயணைப்பு வீரர்கள் பல மணி நேரம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தனர். போக்குவரத்து நிறுத்தப்பட்டது, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை அளிக்கப்பட்டது. உயிரிழப்பு ஏதுமின்றி டேங்கர் அப்புறப்படுத்தப்பட்டது.

ஜெய்ப்பூரில் தப்பிச் செல்ல அவகாசமே கிடைக்கவில்லை. கோவையில் கசிவு தீயாக மாறுவதற்கு முன்பு செயல்பட நேரம் கிடைத்தது. அத்தகைய நேரம் கிடைக்கும்போது அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான், எரிபொருள் லாரிகளின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் எழுதப்பட்டிருக்கும் எண்களும் குறியீடுகளும் முக்கியத்துவம் பெறுகின்றன. நாள்தோறும் சாலையில் நம்மைக் கடந்து செல்லும் அந்தப் பலகை யாருக்காக எழுதப்பட்டது, அதை வாசிக்க வேண்டியவர்களுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்ற கேள்வி, பெட்ரோலின் கலவையே மாறியுள்ள இன்றைய சூழலில் மேலும் அவசரமானதாகியுள்ளது.

சட்டம் கூறுவது என்ன?

அபாயகரமான சரக்குகளைச் சாலை வழியாகக் கொண்டு செல்வதற்கான நெறிமுறைகள், மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 129 முதல் 137 வரையிலான விதிகளில் வகுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் விதி 134, 'அவசரகாலத் தகவல் பலகை' குறித்துப் பேசுகிறது. வாகனத்தின் இரு பக்கங்களிலும் பின்புறத்திலுமாக மூன்று இடங்களில் இந்தப் பலகை இடம்பெற வேண்டும்.

பலகையில் இருக்க வேண்டியவற்றையும் அவ்விதி அளவுகளுடன் குறிப்பிடுகிறது. சரக்கின் சரியான தொழில்நுட்பப் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் எழுதப்பட வேண்டும். ஐக்கிய நாடுகள் அமைப்பின் வகைப்பாட்டின்படியான எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். அபாய வகையைக் காட்டும் சாய்சதுரச் சின்னம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தீ விபத்து உள்ளிட்ட அவசர நிலையில் தொடர்பு கொள்ள வேண்டிய சேவையின் பெயரும் தொலைபேசி எண்ணும், சரக்கை அனுப்பியவர் அல்லது வல்லுநர் ஆலோசனை தரக்கூடிய ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் உடன் இடம்பெற வேண்டும்.

ஓட்டுநருக்கும் கடமைகள் உள்ளன. அபாயகரமான சரக்கு வாகனத்தை ஓட்டுபவர், அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள ஏதேனும் ஓர் இந்திய மொழியையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்தவராகவும், உரிய பயிற்சியில் தேர்ச்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும் என்று விதி 9 வரையறுக்கிறது. சரக்கின் தன்மை, கசிவு அல்லது தீ ஏற்பட்டால் செய்ய வேண்டியவை ஆகியவை அடங்கிய 'டிரெம் அட்டை' எனப்படும் போக்குவரத்து அவசரகால அட்டையை அவர் ஓட்டுநர் அறையில் வைத்திருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் உடனடியாக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என விதி 136 கூறுகிறது.

இவ்விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவின் கீழ், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர், முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதமும் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்க இடமுண்டு. இவை தவிர, பெட்ரோலிய விதிகள், 2002, அழுத்தக் கலன்களுக்கான விதிகள், 2016 ஆகியவற்றின் கீழ், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, டேங்கர்களின் கட்டமைப்பைக் கண்காணிக்கிறது. ஆக, பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதில் சட்டத்தில் குறைவில்லை.

மொழிபெயர்ப்பு தேவைப்படாத எண்

பலகையின் மையமாக விளங்குவது நான்கு இலக்க எண் ஆகும். அபாயகரமான சரக்குப் போக்குவரத்துக்கான ஐ.நா. வல்லுநர் குழு ஒவ்வொரு பொருளுக்கும் அல்லது பொருள் தொகுதிக்கும் ஓர் எண்ணை ஒதுக்கியுள்ளது. டீசலுக்கு 1202, பெட்ரோலுக்கு 1203, மண்ணெண்ணெய்க்கு 1223, விமான எரிபொருளுக்கு 1863, சமையல் எரிவாயுவுக்கு 1075, அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு 1971, குளிரூட்டித் திரவமாக்கப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு 1972 என்பன அவற்றுள் சில.

மங்களூரில் புறப்படும் டேங்கர் கன்னடம், மலையாளம், தமிழ் வழங்கும் பகுதிகளை ஒரே பயணத்தில் கடக்கக்கூடும். பொருளின் பெயர் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், வழியில் உள்ள யாரோ ஒருவருக்கு அது புரியாமல் போகலாம். எண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தொலைபேசியில் '1075' என்று சொன்னால், மறுமுனையில் இருப்பவர் எந்த மொழி பேசுபவராயினும் பொருள் மாறாது. எட்டாவது அட்டவணையில் மட்டும் 22 மொழிகளைக் கொண்ட நாட்டில் இது சிறிய வசதி அன்று.

சாய்சதுரச் சின்னம் மட்டும் ஏன் போதாது என்ற கேள்விக்கும் இங்கே விடை உண்டு. பெட்ரோல் டேங்கரிலும் சமையல் எரிவாயு டேங்கரிலும் இருப்பது தீச்சுவாலை வரையப்பட்ட சிவப்புச் சாய்சதுரமே. அதன் கீழ்முனையில் உள்ள எண் மட்டுமே வேறுபடும்: தீப்பற்றும் திரவத்துக்கு 3, வாயுவுக்கு 2. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இரண்டும் கோரும் எதிர்வினைகள் வெகுவாக வேறுபட்டவை.

இதனுடன், பல டேங்கர்களில் 'ஹஸ்கெம்' எனப்படும் குறியீடும் காணப்படுகிறது. பிரிட்டனில் உருவான இக்குறியீடு, வந்திருக்கும் தீயணைப்பு வீரர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை நேரடியாகச் சொல்கிறது. பெட்ரோலுக்கான '3ஒய்இ' என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் உள்ள 3, நுரையைப் பயன்படுத்த வேண்டும் என்று பொருள்படும். 1 எனில் நீர்த்தாரை. 2 எனில் நுண்திவலையாகத் தெளிக்கப்படும் நீர். 4 எனில் உலர் பொருள். அடுத்துள்ள 'ஒய்', சுவாசக் கருவி அணிய வேண்டும் என்பதையும், சிந்திய திரவம் சாக்கடைக்குள் செல்லாமல் அணைகட்டித் தடுக்க வேண்டும் என்பதையும் உணர்த்துகிறது. இறுதியில் உள்ள 'இ', சுற்றியிருப்போரை வெளியேற்றுவது குறித்து உடனே முடிவெடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையாகும்.

எண் தவறினால் எதிர்வினையும் தவறும்

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகள் இணைந்து வெளியிடும் அவசரகால வழிகாட்டி நூல், ஐ.நா. எண்ணின் அடிப்படையிலேயே முதல் நடவடிக்கைகளை வகுத்துத் தருகிறது. அதன்படி, பெட்ரோல் அல்லது டீசல் கசிந்தால் தொடக்கத்தில் எல்லாத் திசைகளிலும் 50 மீட்டர் தொலைவுக்கும், சமையல் எரிவாயு கசிந்தால் 100 மீட்டர் தொலைவுக்கும் ஆள்களை விலக்க வேண்டும். டேங்கர் தீயில் சிக்கிவிட்டால், பெட்ரோல், டீசலுக்கு அந்தத் தொலைவு 800 மீட்டராகவும், சமையல் எரிவாயுவுக்கு 1,600 மீட்டராகவும் உயர்கிறது. பலகையில் உள்ள எண்ணைத் தவறாக வாசித்தால், பாதுகாப்பு வளையத்தின் அளவே பாதியாகக் குறைந்துவிடும் என்பதை இது காட்டுகிறது.

இந்த வேறுபாட்டுக்கு அறிவியல் காரணம் உண்டு. சமையல் எரிவாயு அழுத்தத்தின் கீழ் திரவமாக அடைக்கப்பட்டிருக்கிறது. வெளியேறியதும் சுமார் 250 மடங்குக்கு மேல் விரிந்து வாயுவாகிறது. காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே எழாமல் தரையோடு ஊர்ந்து, பள்ளங்களிலும் சாக்கடைகளிலும் தங்குகிறது. தீ, கலனின் மேற்பகுதியைத் தொடர்ந்து சுட்டால், எஃகு வலுவிழந்து கலன் முழுவதுமாக வெடித்துச் சிதறும் ஆபத்தும் உண்டு. 2012 ஆகஸ்ட் 27 இரவு கேரளத்தின் கண்ணூர் அருகே சாலாவில் சமையல் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்ததில் 20 பேர் உயிரிழந்தனர். சாலையோர வீடுகளில் இருந்தவர்களும் அதற்குப் பலியாயினர்.

திரவ எரிபொருள்களுக்கு இடையேயும் வேறுபாடு உண்டு. பெட்ரோல், உறைநிலைக்கு வெகு கீழேயுள்ள வெப்பநிலையிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். டீசல் அவ்வளவு எளிதில் தீப்பற்றாது. நம் நாட்டில் ஒரே டேங்கரின் வெவ்வேறு அறைகளில் பெட்ரோலும் டீசலும் ஏற்றப்பட்டு ஒரே பங்க்குக்குச் செல்வது வழக்கமான ஒன்று. ஐரோப்பிய விதிகள் இத்தகைய டேங்கரில், ஏற்றப்பட்டவற்றுள் அதிக ஆபத்தானதன் எண்ணைக் காட்டினால் போதும் என்கின்றன. ஐயம் எழும் இடத்தில் பெரிய ஆபத்துக்கே தயாராக வேண்டும் என்ற நடைமுறை அறிவு அதில் அடங்கியிருக்கிறது.

இ20 எழுப்பும் புதிய கேள்வி

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை 2030-க்குள் எட்ட முதலில் திட்டமிடப்பட்டிருந்தது. பின்னர் அது 2025-26-க்கு முன்னகர்த்தப்பட்டது. 20 சதவீதக் கலப்பு எட்டப்பட்டுவிட்டதாக மத்திய அரசு 2025-இல் அறிவித்தது. வாகன உரிமையாளர்களிடையே மைலேஜ் குறித்தும் என்ஜின் பாகங்கள் குறித்தும் விவாதம் நடைபெற்றது. ஆனால் அதே எரிபொருளைச் சுமந்து வரும் லாரியின் பலகை குறித்து அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

ஐ.நா. வகைப்பாட்டில், 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 1203 என்ற எண்ணே பொருந்தும். 10 சதவீதத்தைத் தாண்டிய கலவைக்கு 3475 என்ற தனி எண் ஒதுக்கப்பட்டுள்ளது. எனவே, இ20 பெட்ரோலை ஏற்றிச் செல்லும் டேங்கரில் 1203 என்று எழுதப்பட்டிருந்தால், சர்வதேச வகைப்பாட்டின்படி அது தவறான எண்ணாகும்.

ஓர் எண் மாறுவதால் என்ன நேர்ந்துவிடப் போகிறது என்று இதைத் தள்ளிவிட இயலாது. பெட்ரோல் தீயை அணைக்க வழக்கமாகப் பயன்படும் நுரை, திரவத்தின் மேல் படலமாகப் படர்ந்து ஆவியையும் காற்றையும் பிரித்து வைக்கிறது. எத்தனால் நீருடன் எளிதில் கலக்கும் தன்மை கொண்டது. அது நுரையிலுள்ள நீரை ஈர்த்து, படலத்தைக் குலைத்துவிடும். ஆகவே எத்தனால் மிகுந்த கலவைக்கு ஆல்கஹாலைத் தாங்கும் தனி வகை நுரை தேவைப்படுகிறது. ஹஸ்கெம் குறியீட்டின் முன்னால் ஒரு புள்ளி இடப்பட்டிருந்தால், அத்தகைய நுரையே பொருத்தமானது என்று பொருள். ஒரு புள்ளியும் நான்கு இலக்கங்களும், எந்த நுரையுடன் தீயணைப்பு வண்டி நிலையத்திலிருந்து புறப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

வடிசாலைகளிலிருந்து கிடங்குகளுக்குச் செல்லும் எத்தனால் டேங்கர்களுக்கும் இது பொருந்தும். அவற்றுக்கான எண் 1170. தூய எத்தனாலின் தீச்சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. புகை இல்லை என்பதால் தீ இல்லை என்று எண்ணி நெருங்குபவருக்கு, பலகையில் உள்ள எண்ணைத் தவிர வேறு எச்சரிக்கை கிடைக்காது.

எழுதுபவரும் வாசிப்பவரும்

எச்சரிக்கைப் பலகை பயன்பட மூன்று கண்ணிகள் அறுபடாமல் இருக்க வேண்டும். ஏற்றப்பட்ட பொருளுக்குரிய எண் எழுதப்பட்டிருக்க வேண்டும்; விபத்து நடந்த இடத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர் இருக்க வேண்டும்; பலகையில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்தால் மறுமுனையில் விவரம் அறிந்தவர் எடுக்க வேண்டும்.

முதல் கண்ணி, நாள்தோறும் தேயக்கூடியது. சாலைப் புழுதி, மழை, மங்கிய வண்ணம் ஆகியவை எழுத்தை மறைக்கின்றன. லாரி கவிழும்போது ஒரு பக்கப் பலகை தரையில் புதைந்துவிடும் என்பதால்தான் மூன்று இடங்களில் எழுத வேண்டும் என்கிறது விதி. காலியான டேங்கரிலும் ஆவி தங்கியிருக்கும் என்பதால், சுத்தம் செய்யப்படும் வரை அதன் எச்சரிக்கையும் நீடிக்க வேண்டும் என்பது சர்வதேச நடைமுறை.

இரண்டாவது கண்ணியே மிகவும் பலவீனமானதாகத் தோன்றுகிறது. ஓட்டுநருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தும் விதிகள், அவர் காயமடைந்து மயங்கிக் கிடக்கும் சூழலில் பலகையை வாசிக்க வேண்டியவரைக் குறித்து அதே அளவுக்கு அக்கறை கொள்ளவில்லை. நெடுஞ்சாலை விபத்தில் முதலில் வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் பின்னால் வந்த வாகன ஓட்டிகளும், அக்கம்பக்கத்து மக்களும், ரோந்துக் காவலர்களுமே. டிரெம் அட்டை எரிந்துகொண்டிருக்கும் ஓட்டுநர் அறைக்குள் சிக்கிக்கொண்டால், அவர்களுக்கு மிஞ்சுவது வெளியே உள்ள பலகை மட்டுமே.

இந்த இடைவெளியைக் குறைக்கப் பெரும் செலவு தேவையில்லை. 112 அவசர எண்ணில் அழைப்பை ஏற்பவர், டேங்கர் விபத்து என்றதும், 'பாதுகாப்பான தொலைவிலிருந்தே பலகையில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படிக்க முடிகிறதா?' என்று கேட்பதை வழக்கமாக்கலாம். அந்த எண்ணுக்குரிய தொலைவையும் நுரை வகையையும் திரையில் காட்டும் பட்டியலைக் கட்டுப்பாட்டு அறைகளிலும் ரோந்து வாகனங்களிலும் வைக்கலாம். எரிபொருள் கிடங்கிலிருந்து வண்டி வெளியேறும் முன், பலகையில் உள்ள எண் அன்று ஏற்றப்பட்ட பொருளுடன் பொருந்துகிறதா, அவசரத் தொலைபேசி எண் ஒலிக்கிறதா என்று சோதிக்கலாம். ஒவ்வொரு டேங்கரும் நின்று செல்லும் சுங்கச்சாவடிகள், மங்கிய பலகைகளைக் கண்டறிய ஏற்ற இடங்களாகும்.

எரிபொருள் லாரிகள் நெடுஞ்சாலைகளோடு நின்றுவிடவில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். 2018-இல் புணேயில் தொடங்கிய வீட்டு வாசலுக்கே டீசல் வழங்கும் சேவை, சிறிய டேங்கர்களைக் குடியிருப்பு வளாகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொண்டு சேர்த்துள்ளது. வளாகத்தின் காவலாளிக்கும் 1202 என்ற எண்ணின் பொருள் தெரிந்திருக்க வேண்டிய காலம் இது.

பொதுமக்கள் செய்யக்கூடியவை

டேங்கர் விபத்தைக் காண நேர்ந்தால், முதலில் காற்று வீசும் திசையைக் கவனித்து, காற்று வரும் பக்கமாகவும் மேடான இடத்துக்கும் விலகிச் செல்ல வேண்டும். தரையில் வெண்மூட்டம் ஊர்ந்து வந்தால் அதற்குள் நடந்தோ வாகனத்திலோ செல்லக் கூடாது. கசிவுக்கு அருகே வாகனத்தை இயக்குவதும், தீப்பெட்டியோ செல்பேசியோ பயன்படுத்துவதும் கூடாது. போதிய தொலைவை அடைந்த பின்னரே 112-ஐ அழைத்து, இடத்தையும் பலகையில் கண்ட எண்ணையும் தெரிவிக்க வேண்டும். சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906 என்ற 24 மணி நேர உதவி எண்ணும் உள்ளது. எண்ணைப் படிப்பதற்காக நெருங்கிச் செல்வது, அந்தப் பலகை எழுதப்பட்ட நோக்கத்துக்கே எதிரானது.

சிந்திய எரிபொருளைச் சேகரிக்க முயல்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். அண்டை நாடான பாகிஸ்தானின் பகவல்பூர் மாவட்டத்தில் 2017 ஜூன் 25 அன்று கவிழ்ந்த டேங்கரிலிருந்து வழிந்த பெட்ரோலைப் பாத்திரங்களில் பிடிக்க மக்கள் திரண்டனர். தீப்பற்றியபோது 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது எரியக்கூடிய பொருள் என்பது அங்கு வந்த எவருக்கும் தெரியாததன்று. அதன் ஆவி எவ்வளவு தொலைவு வரை பரவியிருக்கிறது என்பதே தெரியாதிருந்தது.

ஜெய்ப்பூர் விபத்து, நெடுஞ்சாலைத் திருப்பங்களின் அமைப்பு, டேங்கர் வால்வுகளின் பாதுகாப்பு ஆகியவை குறித்த கேள்விகளை எழுப்பியது. மோதிய சில நொடிகளில் தீப்பற்றும் விபத்தில் எந்தப் பலகையாலும் பெரிதாக உதவ முடியாது. அங்கு சாலை வடிவமைப்பும் கலனின் வலிமையுமே உயிர்களைக் காக்க வேண்டும். ஆனால் கோவையில் கிடைத்ததுபோல் சில நிமிடங்களோ சில மணி நேரமோ கிடைக்கும்போது, எத்தனை மீட்டர் விலக வேண்டும், எந்த நுரையை வரவழைக்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த லாரியின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த விடை ஏற்றப்பட்ட எரிபொருளுக்கு உரியதாக இருப்பதை உறுதி செய்வது எண்ணெய் நிறுவனங்கள் மற்றும் ஒழுங்குமுறை அமைப்புகளின் பொறுப்பாகும். அதை வாசிக்கக் கற்றுத் தருவது காவல், தீயணைப்பு, பேரிடர் மேலாண்மைத் துறைகளின் பொறுப்பாகும்.